பதினேழாம் வாய்ப்பாடு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்து பதினான்கு வருடமாகிறது. ஆவுடைத்தங்கம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், மற்றவர்கள் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். பல இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அன்று வெப்பம் ஐம்பத்தொன்று என்கிறார்கள் சிலர், ஐம்பத்திரண்டு என்கிறார்கள் சிலர். கணினியின் லாக்கில், அதாவது அதன் நடவடிக்கைப் பதிவேட்டில், விழுந்த வரிகள் மட்டும் மாறாமல் இருக்கின்றன. அவற்றைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். மீதியை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

சங்குமுனையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருந்தது. மூன்று லட்சம் பேருக்கு அங்கிருந்துதான் தண்ணீர். ஊரின் எந்தக் குழாயை எப்போது திறப்பது, எதை மூடுவது என்பதெல்லாம் அதன் கட்டுப்பாட்டு அறையில் நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் சாதாரணமாகக் கணினியில் எதையும் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு வால்வை அசைக்க வேண்டுமென்றால் ரூட் உரிமை வேண்டும். அந்த உரிமை கையில் இருந்தால் கணினி எந்தக் கேள்வியும் கேட்காமல் சொன்னதைச் செய்யும். ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ளே வந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியாக அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி.

சங்குமுனையில் யாரும் அப்படிச் செய்யவில்லை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் பொறுப்பாளர் ஆழ்வாரப்பன் வருவார். தன் பெயரில் ரூட் திரை ஒன்றைத் திறந்து வைப்பார். இரவு வரை அது திறந்தே கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் தட்டிவிட்டுப் போவார்கள். லாக்கில் ஒரே ஒரு வரி விழும்: ஆழ்வாரப்பன் ரூட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் யார் பெயரிலும் இருக்காது.

ஒரு நாள் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகும் குழாயை யாரோ மூடிவிட்டார்கள். மூன்று மணி நேரம் தண்ணீர் இல்லை. ஒரு பெண் இறந்தாள். லாக்கைப் பார்த்தால் ஆழ்வாரப்பன் பெயர் மட்டும் இருந்தது. அந்த நேரத்தில் அவர் பல் பிடுங்கப் போயிருந்தார். ஆனாலும் வேலை போனது, ஊரை விட்டும் போனார்.

ஆவுடைத்தங்கத்துக்கு அவர்மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கணினிகளைப் பராமரிப்பது அவள் வேலை. அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. யாரோ செய்ததற்கு இன்னொருவர் போனது அவளை உறுத்தியது. அரசாங்கம் புதிய முறையில் லாக் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, அவள் அதை முழு மனதோடு செய்தாள். ரூட் திரையைத் திறந்து போடும் வழக்கத்தை அடைத்தாள். ஒவ்வொரு கட்டளையும் தட்டியவர் பெயரோடு விழும்படி செய்தாள். விழும் ஒவ்வொரு வரியும் அதே நொடியில் வேறு ஊரில் இருக்கும் ஒரு கணினிக்குப் போகும்படி அமைத்தாள். அங்கே எழுத மட்டும்தான் முடியும். அழிக்க ரூட்டாலும் முடியாது, அவளாலும் முடியாது.

உத்தரவோடு கைப்பட்டைகளும் வந்தன. அவற்றை எல்லோருக்கும் மாட்டிவிட்டதும் அவள்தான்.

"இது என்னக்கா, நாய்க்குக் கட்டுத மாதிரி?" என்றான் இருதயராஜ். முப்பத்து நாலு வயது. அந்த அறையில் வாய் ஓயாத ஒரே ஆள்.

"கையைக் கொடுல."

"மணி காட்டுமா?"

"நீ எவ்வளவு தெரிஞ்சு செய்யிதன்னு காட்டும்."

ஆறு பேர் சுற்றி நின்றார்கள். ஆவுடைத்தங்கம் விளக்கினாள். "ஒரு வால்வை மூடுத. மூடினா அந்தப் பக்கம் ஆளுகளுக்குத் தண்ணி போகாதுன்னு ஒனக்குத் தெரியுது. அப்போ ஒன் உடம்பு சும்மா இருக்காது. துடிப்பு, வேர்வை, நரம்பு எல்லாம் அசையும். அதை எடுத்து நூத்துக்கு ஒரு எண் போடும். பளுன்னு பேரு வச்சிருக்காங்க. கைதவறி அடிச்சா பளு இருக்காது. முப்பதுக்குக் கீழ வந்தா லாக்ல 'அனிச்சை'ன்னு விழும். மேல வந்தா 'அறிந்து'."

"முப்பதுன்னு யாரு சொன்னா?"

"நாந்தான். பத்துல இருந்து அம்பது வரைக்கும் நீங்களே வச்சுக்கிடலாம்னு இருந்துச்சு. நடுவுல வச்சேன்."

ஜெய்னம்பு கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறவள். "ஏதாவது ஆயிப்போச்சுன்னா யக்கா?"

"அனிச்சைன்னா விபத்து. அரசாங்கம் பாத்துக்கிடும். அறிந்துன்னா நீதான் பாத்துக்கிடணும், கோர்ட்டுல."

"ஏன் செஞ்சோம்னு எழுத இடம் இருக்கா?"

"இருந்துச்சு. வரி நீளமாப் போயி பாதியில வெட்டுப்படுது. அதுலயும் எல்லாரும் மேலிடத்து உத்தரவுன்னுதான் எழுதுதீய. எடுத்துட்டேன்."

"அப்போ இப்படிச் சொல்லுங்க," என்றான் இருதயராஜ். "தூக்கத்துல ஊரையே மூடினாலும் ஒண்ணும் இல்ல. யோசிச்சு ஒரு குழாயைத் திறந்தா களி திங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைத்தங்கமும் சிரித்தாள். தான் சிரித்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதல் மாதம் எல்லா வரியும் 'அறிந்து' என்றே விழுந்தது. பட்டையைப் பார்த்த பயத்திலேயே பளு ஐம்பது அறுபது என்று ஏறியது. ஒருவன் சிறிய குழாய் ஒன்றை வெடிக்க வைத்துவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தெருவில் தண்ணீர் ஓடியதோடு சரி. அவன் பளு நாற்பத்தி நாலு. மூன்று மாதம் சிறை.

அதற்குப் பிறகு எண்கள் இறங்கத் தொடங்கின. ஆவுடைத்தங்கம் தினமும் காலையில் அவற்றை வரைபடமாகப் போட்டுப் பார்ப்பாள். முதலில் இருதயராஜின் கோடு இறங்கியது. ஒரு வாரம் கழித்து அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவனின் கோடு. இரண்டாவது மாத முடிவில் ஒருவரும் இருபதைத் தாண்டவில்லை, ஜெய்னம்புவைத் தவிர. அவளுடையது இருபத்தைந்து இருபத்தெட்டு என்று விளிம்பில் நின்றது.

"என்னல செய்யிதீய?" என்று இருதயராஜைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"இருதயம்," என்றாள் மறுபடி.

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "பதினேழாம் வாய்ப்பாடு."

அவளுக்குப் புரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல பதினாறு வரைக்கும்தான படிச்சோம். அது தன்னால வரும், மனசு பாட்டுக்கு வேற எங்கயாவது போயிரும். பதினேழு அப்படி வராது. ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டே போகணும். அதைச் சொல்லிக்கிட்டே அடிச்சா மண்டைக்குள்ள வேற ஒண்ணும் நுழையாது. பன்னெண்டு, பதினொண்ணுன்னு வரும் பாருங்க."

அன்று மாலை அவளே கணினிக் கோப்பு ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. அவள் செய்வதும் ரூட்டில்தான், அவள் கையிலும் பட்டை உண்டு. ஒரேழு பதினேழு, ஈரேழு முப்பத்தி நாலு என்று பழைய பாணியில் தொடங்கி, அது ஏழுக்கான சொல், தப்பு என்று உணர்ந்து, பதினேழை மறுபடி மறுபடி கூட்டினாள். பளு எட்டு.

இதை மேலே எழுதி அனுப்பியிருக்கலாம். பட்டை காட்டுவது பொய், இங்கே எல்லோரும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு கடிதம். அதை எழுத உட்கார்ந்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. சிறைக்குப் போனவனின் முகம் அப்போதைக்கு எல்லோருக்கும் நினைவிருந்தது. அடுத்த வாரம் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு மேசைக் கண்ணாடிக்கும் அடியில் அவளே வைத்தாள். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் சங்குமுனையில் ஒரு 'அறிந்து' கூட விழவில்லை. மாநிலத்திலேயே நல்ல பதிவு என்று ஒரு கேடயம் வந்தது.

எப்போது என்று சொல்ல முடியாது, வாய்ப்பாடு சொல்லாத நேரத்திலும் அவளுக்கு அந்த மாதிரி இருக்கத் தொடங்கியது. அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. சரி என்று வைத்தாள். பஸ் பிடித்தாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்தச் சிவப்பு நாள் வந்தது. வெப்பம் ஐம்பதைத் தாண்டும் என்றால் சிவப்பு நாள் என்று அறிவிப்பார்கள். வயதானவர்களையும் வீட்டில் குளிர்சாதனம் இல்லாதவர்களையும் வெயில் காப்பகங்களில் கொண்டுபோய் வைப்பார்கள். பழைய மீன்சந்தைக் கட்டடத்தில் ஒரு காப்பகம் இருந்தது. சுவர்களுக்குள் குழாய் பதித்து, அதில் ஓடும் தண்ணீரால்தான் உள்ளே குளிர்ச்சி. ஜன்னல்கள் கிடையாது. அன்று அதில் நாற்பத்தொரு பேர்.

சிவப்பு நாளில் ஊர்க் குழாய்களில் அழுத்தத்தை உச்சத்தில் ஏற்றி வைப்பார்கள். அதற்காகப் பதினொன்றரைக்கு உப்புக் கழுவும் ஆலையின் வால்வை மூட வேண்டும். அதன் எண் நூற்று முப்பத்தொன்பது. இருதயராஜ்தான் மூடினான். பதினேழைக் கூட்டிக்கொண்டே தட்டினான். எட்டாவது தடவைக்கு வந்திருந்தான். பதினேழு எட்டு, நூற்று முப்பத்தாறு. வாயில் இருந்த எண் விரலுக்குப் போனது.

நூற்று முப்பத்தாறு, மீன்சந்தைக் காப்பகம்.

லாக்கில் அந்த வரி இப்படி இருக்கிறது: 11:31:07, இருதயராஜ், ரூட், மூடு 136, பளு 9, அனிச்சை.

எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ரூட்டில் வந்த கட்டளைக்கு மணி அடிக்காது. காப்பகத்துக் காவலர் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். சிவப்பு நாளில் அந்த அறையில் நாள் முழுக்கப் போன் அடிக்கும், ஒன்றை எடுத்தால் நாலு காத்திருக்கும். ஒன்று நாற்பத்தெட்டுக்கு ஜெய்னம்பு எடுத்த போனில் அவர் கத்தவில்லையாம். கத்துகிற நிலையைத் தாண்டி இருந்தார். சுவர் சுடுகிறது என்றார். மூன்று பேர் எழுந்திருக்கவில்லை என்றார். வெளியே கொண்டு போனால் வெயிலில் செத்துவிடுவார்கள், உள்ளே இருந்தாலும் செத்துவிடுவார்கள், என்ன செய்ய என்று கேட்டார்.

ஜெய்னம்பு திரையைப் பார்த்தாள். "யக்கா, நூத்தி முப்பத்தாறு மூடிக் கெடக்கு."

ஆவுடைத்தங்கம் எழுந்து வந்தாள். இருதயராஜ் தன் திரையைப் பார்த்தான். "நாந்தான்," என்றான். கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னான்.

"திறக்கணும்னா பம்பு அழுத்தத்தை இறக்கணும்," என்றாள் ஜெய்னம்பு. "நாப்பது நிமிசம் ஆகும். இறக்காமத் திறந்தா சந்திப்புக் குழாய் வெடிச்சிரும். கெழக்கு ஊரு முழுக்கத் தண்ணி நின்னுரும்."

"ஆமா."

"நாப்பது நிமிசத்துல அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்கக்கா."

ஜெய்னம்பு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"திறக்கட்டா?"

அந்த அறையில் அப்போது அவள்தான் மேலதிகாரி. திற என்று அவள் சொல்லியிருந்தால் அது அவள் உத்தரவு. அவளே உட்கார்ந்து தட்டியிருக்கலாம், அவள் கைக்கு எட்டிலிருந்து பத்துக்குள்தான் வந்திருக்கும். இதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது என்ன நினைத்தாள் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். திரையின் மூலையில் தூசி இருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

"பதினேழு சொல்லிக்கிட்டு அடி," என்றாள் கடைசியில்.

"எனக்குப் பதினேழும் வரல யக்கா, ஒண்ணும் வரல," என்றாள் ஜெய்னம்பு. அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. அழுகையா வேர்வையா தெரியவில்லை. "யா அல்லா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள்.

13:52:40, ஜெய்னம்பு, ரூட், திற 136, பளு 91, அறிந்து.

காப்பகத்தில் ஏழு பேர் இறந்தார்கள். முப்பத்து நாலு பேர் பிழைத்தார்கள். சந்திப்புக் குழாய் வெடித்தது. சாலை பத்தடிக்குப் பிளந்து தண்ணீர் கொட்டியது, கிழக்குப் பகுதிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. லாரியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே யாரும் சாகவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஆவுடைத்தங்கம் வெளியே வந்தபோது இருதயராஜ் கேன்டீனில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தாள். அவன் இலையைப் பார்த்தபடியே பேசினான்.

"எனக்கு ஒண்ணும் தோணலக்கா. வீட்டுக்குப் போன் போட்டேன், வாரதுக்கு லேட்டாகும்னு சொன்னேன். பசிச்சுது, வந்து உக்காந்துட்டேன். இப்படி இருக்கது பயமா இருக்குன்னு ஒங்கட்ட சொல்லணும்னு பாத்தேன். பயமும் இல்ல."

அவள் அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் கேன்டீன் மூடும் வரை அங்கேயே இருந்தார்கள்.

சட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. இருதயராஜின் வரி அனிச்சை, ஆகவே விபத்து. இறந்தவர்களின் குடும்பங்களை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. ஜெய்னம்புவின் வரி அறிந்து. சிவப்பு நாளில் பொதுக் குடிநீர்க் குழாயை அறிந்து சேதப்படுத்தினால் ஆறு வருடம் வரை. அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தது. கணவன் கப்பலில் வேலை பார்த்தான், வருடத்தில் இரண்டு மாதம் வருவான்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்கு வந்தாள். பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அது தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தது, யாரும் சொல்லாமலே.

"வக்கீலு சொல்லுதாரு, ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே எந்த மனுசனுக்கும் புரியுமாம். ஆனா ஜட்ஜிக்கு வரிக்கு மேல பாக்க அதிகாரம் இல்லியாம். பளு எண்ணே தப்புன்னு யாராவது நிரூபிச்சாத்தான் உண்டாம்."

"தப்புதான்."

"அதை நீங்க சொல்லணும் யக்கா. நீங்கதான அந்த லாக்கைச் செஞ்சது. வாய்ப்பாட்டை வச்சதும் நீங்கதான."

"சொல்லுதேன்."

"சொன்னா ஒங்க வேலை போயிருமே. ஒங்க மேலயும் கேசு வரும்னு வக்கீலு சொன்னாரு."

"வரட்டும். உள்ளது எல்லாத்தையும் சொல்லுதேன்."

ஜெய்னம்பு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் பிடித்திருந்தாள். ஆவுடைத்தங்கம் அந்தக் கையின் சூட்டைக் கவனித்தாள். எவ்வளவு நேரம் கழித்து எடுத்துக்கொண்டால் தப்பாகத் தெரியாது என்று யோசித்தாள்.

விசாரணையை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நீதிமன்றக் கட்டடத்தில் குளிர்சாதனம் கெட்டுப் போயிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு நீதிபதி வேலாயுதப் பெருமாள் உட்கார்ந்திருந்தார். சாட்சிகள் காத்திருக்க மணமகள் அறையை ஒதுக்கியிருந்தார்கள்.

சாட்சி சொல்கிறவர்களுக்கும் பட்டை மாட்டுவது அப்போது வழக்கமாகியிருந்தது. அதே பட்டை, அதே கணக்கு. உருவேற்றிக்கொண்டு வந்து ஒப்பிக்கிற பொய்ச்சாட்சிகளைப் பிடிக்க அது நன்றாக உதவுகிறது என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. உதவியாளர் ஆவுடைத்தங்கத்தின் கையில் பட்டையை மாட்டிவிட்டார்.

அவள் நாற்பது நிமிடம் பேசினாள். ரூட் திரை திறந்து கிடந்த காலத்திலிருந்து தொடங்கினாள். லாக்கை எப்படி அமைத்தாள், முப்பதை எப்படி வைத்தாள், ஏன் செய்தோம் என்று எழுதும் இடத்தை எப்படி எடுத்தாள் என்று சொன்னாள். வாய்ப்பாட்டைச் சொன்னாள். அச்செடுத்த தேதியைச் சொன்னாள். நூற்று முப்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று விளக்கினாள். திறக்கட்டா என்று ஜெய்னம்பு கேட்டபோது தான் பேசாமல் நின்றதைச் சொன்னாள். வாயில் எந்தக் கணக்கும் இல்லை. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

வேலாயுதப் பெருமாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் உங்களை நம்புறேம்மா," என்றார். "என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்ல."

திரையை அவள் பக்கம் திருப்பினார். நாற்பது நிமிடத்துக்கும் ஒரு கோடு ஓடியிருந்தது. தரையை ஒட்டி, மேடு பள்ளம் இல்லாமல். சராசரி பளு 2. அனிச்சை.

"முப்பதுங்கிறது நீங்க வச்ச கோடுதானே?"

"ஆமா சார். எங்க நிலையத்துல வச்சேன். பெறகு எல்லா எடத்துலயும் அதையே எடுத்துக்கிட்டாங்க."

"அதுக்குக் கீழே இருந்தா ஒப்பிச்சதாத்தான் எழுதணும். எழுதறது நான் இல்ல, அதுவே எழுதிக்கும். இருதயராஜ் காலையில வந்தார். அவரும் வாய்ப்பாட்டைச் சொன்னார். அவருக்கு ஆறு."

"மேசைக் கண்ணாடிக்கு அடியில தாள் இருக்கு சார்."

"பார்த்தேன். வாய்ப்பாடுதானே. யார் வேணும்னாலும் வச்சிருக்கலாம்னு எதிர்த்தரப்புல சொல்றாங்க." அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ஏழு பேரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்களேன்."

அவள் நினைத்தாள். பெயர்கள் அவளுக்குத் தெரியும், வயதும் தெரியும். ஒவ்வொன்றாக நினைத்தாள். எண் மூன்றாகி, மறுபடி இரண்டானது.

"ஒண்ணு செய்யுங்க. வெளியில போயிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க," என்றார் அவர். குரல் மிகவும் தணிந்திருந்தது. "அழணும்னா அழுதுட்டு வாங்க. எத்தனை மணி ஆனாலும் நான் இருக்கேன்."

அவள் வெளியே வந்தாள். மணமகள் அறையின் கதவு திறந்திருந்தது. சுற்றிலும் விளக்குகள் வைத்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஜெய்னம்பு உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தாள்.

"சொல்லிட்டீங்களா யக்கா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா? வாய்ப்பாடு, எல்லாம்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"நம்புறேன்னு சொன்னாரு."

ஜெய்னம்பு நாற்காலியில் விழுந்தாள். முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "ஒங்களுக்கு நான் எப்படி யக்கா… எம் புள்ளட்ட சொல்லி வளப்பேன் யக்கா, ஒங்க பேரைச் சொல்லி வளப்பேன்." அவள் தோள் குலுங்கியது. ஆவுடைத்தங்கம் பக்கத்தில் நின்றாள். இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அழுகிறவளின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்பது தெரியவில்லை.

உள்ளே போனாள். வேலாயுதப் பெருமாள் காப்பிக்குச் சொல்லியிருந்தார், அது ஆறிப் போயிருந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

இரண்டு.

"சரிம்மா," என்றார் அவர். "நீங்க போகலாம்."

ஜெய்னம்புவுக்கு நாலு வருடம் கிடைத்தது. இரண்டரை வருடத்தில் வெளியே வந்தாள். அவள் பெண் அதுவரை கணவனின் தாயார் வீட்டில் வளர்ந்தது, இப்போது கல்லூரியில் படிக்கிறது. ஜெய்னம்பு தையல் கடை வைத்திருக்கிறாள், கணினியைத் தொடுவதில்லை. இருதயராஜ் ஷிப்ட் பொறுப்பாளர் ஆனான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். வேலாயுதப் பெருமாள் முப்பதைப் பதினைந்தாகக் குறைக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் ஓய்வு பெற்றார், போன வருடம் இறந்தார். மீன்சந்தைக் காப்பகத்துக்கு ஜன்னல் வைத்தார்கள். காப்பாற்றப்பட்ட முப்பத்து நாலு பேரில் பதினொரு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆவுடைத்தங்கத்தின் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. அவள் சொன்னது அனிச்சை என்பதால் அதை அவளுக்கு எதிராகவும் பயன்படுத்த முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.